ஊட்டிக் குளிரில் பழைய மாருதி: பேட்டரியா, சோக்கா?

கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கருவி) வைத்த பழைய மாருதி 800, ஊட்டியின் ஜனவரி விடியலில் முரண்டு பிடித்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியவை இரண்டு: பேட்டரி, சோக் (கார்புரேட்டருக்குள் போகும் காற்றைக் குறைக்கும் தகடு). கருவிப் பெட்டியைத் திறக்குமுன் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்.

ஸ்டார்ட்டர் (எஞ்சினைச் சுழற்றிக் கிளப்பும் மோட்டார்) சோம்பலாகச் சுற்றினாலோ, 'டிக்' என்று மட்டும் சொன்னாலோ, பேட்டரி பக்கம் போங்கள். குளிரில் அதன் வேதிவினை மந்தமாகும். எஞ்சின் ஆயிலும் கெட்டியாகி இழுவையைக் கூட்டும். இரவெல்லாம் நின்ற வண்டியில் மல்டிமீட்டர் 12.6 வோல்ட் அளவில் காட்டினால் நல்லது. சாவியைத் திருப்பும்போது 9.6-க்குக் கீழே இறங்கினால் பேட்டரி பலவீனம். முனைகளில் பூத்த உப்பைச் சுரண்டிப் பார்க்காமல் புதியது வாங்குவது வீண் செலவு.

ஸ்டார்ட்டர் விறுவிறுவென்று சுற்றியும் எஞ்சின் பற்றவில்லையா? ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, சோக் குமிழை ஒருவரை இழுக்கச் சொல்லுங்கள் (பீடியோடு எட்டிப் பார்க்க வேண்டாம்). கார்புரேட்டர் வாயிலுள்ள தகடு மூடாவிட்டால் கேபிளைச் சரிபாருங்கள். குளிரில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது. காற்றைக் குறைத்தால்தான் கலவை பற்றும். தகடு சரியாக மூடுகிறதென்றால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள். காய்ந்திருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை. நனைந்திருந்தால் பெட்ரோல் மிகுதி, அல்லது தீப்பொறி இல்லை.

காதுக்கு எதுவும் பிடிபடாத நாளில் நான் சோக்கைத்தான் முதலில் பார்ப்பேன். அதற்குக் காசு செலவில்லை.