பழைய டிஎன்சி வாங்கப் போகிறீர்களா? என் 34,500 ரூபாய் போன கதையைப் படித்துவிட்டுப் போங்கள்

அந்த விளம்பரம் இன்று காலை மறுபடியும் வந்திருக்கிறது. அதே புகைப்படம், அதே பச்சை மேசைவிரிப்பு, விற்பவர் பெயர் மட்டும் வேறு. ‘பாக்கெட் ஸ்டேஷன் முழு செட், பிரித்ததும் ஏரில் வரலாம்’ என்று போட்டிருக்கிறார்கள். அதாவது ஒரு ரேடியோவும், டேட்டாவை ஓசையாக்கி ரேடியோவில் அனுப்பி, வருகிற ஓசையைத் திருப்பி எழுத்தாக்கும் டிஎன்சி என்ற மோடம் பெட்டியும், பிரித்த உடனே ஒலிபரப்பலாமாம். இதைக் காட்டித்தான் என்னிடம் 34,500 ரூபாய் வாங்கினார்கள். இன்னொரு ஹாம் (அமெச்சூர் ரேடியோக்காரர்) மாட்டுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

எனக்கு வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. இரண்டு மீட்டர் பேண்டில் 1200 பாட் வேகத்தில் பாக்கெட் (டேட்டாவைத் துண்டு துண்டாக ரேடியோவில் அனுப்புவது), மொட்டை மாடியில் அதை வாங்கித் திருப்பி அனுப்பும் டிஜிபீட்டர் ஒன்று, அவ்வளவுதான். லேப்டாப்பும், டிஎன்சி வேலையைச் செய்யும் டைர்வுல்ஃப் மென்பொருளும் போதுமே, அது இலவசம்தானே என்பீர்கள். அது என்னிடமும் இருக்கிறது. ஆனால் புயலில் கரன்ட் போன ராத்திரியில் கம்ப்யூட்டர் இல்லாமல், பேட்டரியில் தனியாகக் கிடந்து ஓட ஒரு டிஎன்சி பெட்டி போல வராது. கால்சைனை (ஹாம் லைசென்ஸில் தரும் அடையாளக் குறியை) ஏற்றிவிட்டால் வருகிற பாக்கெட்டை வாங்கித் திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கும். அதனால் டிஎன்சி-2 குளோன் ஒன்றைத் தேடினேன். 1985-இல் அமெரிக்காவின் டிஏபிஆர் என்ற ஹாம் அமைப்பு கொண்டுவந்த டிசைன் அது, பழசில்தான் தேட வேண்டும்.

கிடைத்த இடம், பழைய பொருள்களை விற்கும் ஓர் இணையதளம். ரேடியோ, கேமரா ஆசாமிகள் அதிகம் புழங்குவது. போனில் பேசியவர் “வணக்கம் ஓஎம்” என்றுதான் ஆரம்பித்தார். ‘ஓல்டு மேன்’, ஹாம்கள் ஒருவரையொருவர் அழைத்துக்கொள்வது. கேட்காமலே கால்சைன் சொன்னார், வியூ2-வில் தொடங்கும் பழைய கால்சைன். என்னைப் போன்ற வியூ3 ஆட்களுக்கு அதைக் கேட்டாலே மரியாதை வந்துவிடும். 2004 சுனாமியில், டிஎக்ஸ்பெடிஷனுக்காக (அரிய இடத்திலிருந்து ஹாம் ரேடியோவில் பேசப் போகும் பயணம்) அந்தமான் போயிருந்த பாரதி பிரசாத் போர்ட் பிளேரிலிருந்து ஹாம் ரேடியோவில் செய்தி அனுப்பிக்கொண்டே இருந்தாரே, அதைப் பற்றி நெடுநேரம் பேசினார். குரல் கூடத் தழுதழுத்தது. இப்படி ஒரு ஆள் ஏமாற்றுவார் என்று யாருக்குத் தோன்றும்?

அப்புறம் வீடியோ வந்தது. பெட்டியை ஆன் செய்கிறார், விளக்குகள் எரிகின்றன, திரையில் தொடக்க வரிகள் ஓடி, கட்டளைக்குக் காத்திருக்கும் ‘சிஎம்டி’ என்று நிற்கிறது. ரேடியோவைத் திருப்பிப் பின்பக்கம் டிஎன்சியை மாட்டும் ஆறு பின் டேட்டா சாக்கெட்டையும் காட்டினார். “இன்னொருத்தர் கேட்டுக்கிட்டே இருக்கார். முழுசாப் போட்டுடுங்க ஓஎம், இன்னிக்கே கூரியர்ல ஏத்திடறேன். நமக்குள்ள என்ன?” யுபிஐயில் 34,500 போட்டேன்.

வந்தது வேறு ரேடியோ. டேட்டா சாக்கெட்டே இல்லை, வெளி ஸ்பீக்கர் ஜாக் மட்டும். சரி, ரேடியோவுக்குள் இருக்கும் டிஸ்கிரிமினேட்டரிலிருந்து நேராக ஆடியோ எடுக்க வேண்டியது 9600 பாட் வேகத்துக்குத்தான், 1200-க்கு ஸ்பீக்கர் ஆடியோவே போதும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு வயரிங் செய்தேன். சர்வதேச விண்வெளி நிலையம் தலைக்கு மேல் வரும் நேரம் பார்த்து அது பாக்கெட் அனுப்பும் 145.825 மெகாஹெர்ட்ஸில் வைத்தேன். பாக்கெட் கிறீச்சிடுவது தெளிவாகக் கேட்டது. அதே ஆடியோவை லேப்டாப் வரிவரியாகப் படித்தது. டிஎன்சியில், சிக்னல் வருவதைக் காட்டும் டிசிடி விளக்கு ஒரு தடவை கூட இமைக்கவில்லை.

மூடியைக் கழற்றினேன். ப்ராசசர் இசட்80 இருக்கிறது, புரோகிராம் உள்ள ஈப்ராம் இருக்கிறது, அனுப்பும் ஓசையை உருவாக்கும் எக்ஸ்ஆர் 2206 இருக்கிறது. எக்ஸ்ஆர் 2211 இருக்க வேண்டிய சாக்கெட் காலி! போர்டு முழுக்கப் பல வருஷத் தூசி. அந்தச் சாக்கெட்டின் நடுவே மட்டும் ஒரு சிப் அளவுக்குச் சுத்தமாக இருந்தது. ஓரத்தில் ஸ்க்ரூடிரைவரால் நெம்பிய புதுக்கீறல். வருகிற 1200, 2200 ஹெர்ட்ஸ் ஓசைகளைப் பிரித்து டேட்டாவாக்குவதே அந்தச் சிப்தான். அது இல்லாவிட்டாலும் விளக்கு எரியும், சிஎம்டி வரும். அதெல்லாம் இசட்80-உம் ஈப்ராமும் பார்த்துக்கொள்ளும். தெரிந்தேதான் அந்த வீடியோவை எடுத்திருக்கிறான்.

போன் செய்தால், “டிஎக்ஸ்டிலே கூட்டிப் பாருங்க ஓஎம்” என்றான். டிஎக்ஸ்டிலே என்பது நாம் அனுப்பும்போது பிடிடி (அனுப்பும் சுவிட்ச்) விழுந்த பிறகு டேட்டா கிளம்பக் காத்திருக்கும் நேரம். காதில் விழாத பெட்டிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? அடுத்து “ஆன்டெனா எஸ்டபிள்யூஆர் பாருங்க” என்றான். அதுவும் அனுப்பும்போது ஆன்டெனா சரியாகப் பொருந்துகிறதா என்று பார்ப்பதுதான். காலி சாக்கெட்டைப் படம் எடுத்து அனுப்பினேன். “கூரியர்ல ஆடி விழுந்திருக்கும்.” மூடி போட்டு ஸ்க்ரூ முடுக்கிய பெட்டிக்குள்ளிருந்து சிப் எங்கே போய் விழும்? அதன் பிறகு மெசேஜுக்கு ஒற்றை டிக்தான்.

இணையதளத்துக்குப் புகார் கொடுத்தால், ‘விற்பவரும் வாங்குபவரும் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளவும்’ என்று அச்சடித்த மாதிரி ஒரு பதில். மறுபடி எழுதினால் மறுபடி அதே பதில். போலீஸ் ஸ்டேஷனில் நான் 34,500 ரூபாயைப் பற்றிச் சொல்ல, அவர்கள் “வாக்கி டாக்கியா? உங்ககிட்ட லைசென்ஸ் இருக்கா?” என்று என்னையே விசாரித்தார்கள். எடுத்துக் காட்டினேன். சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கும் அழைத்துப் பதிவு செய்திருக்கிறேன், பார்க்கலாம்.

வயிற்றெரிச்சல் எதில் என்றால், அந்த வியூ2 கால்சைனை எங்கள் கிளப் பெரியவர் ஒருவரிடம் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. அதன் சொந்தக்காரர் சைலன்ட் கீ ஆகிப் பல வருஷமாகிறதாம். ஹாம் பேச்சில் அப்படியென்றால் இறந்துவிட்டார் என்று அர்த்தம்.

என்ன வாங்குவது, எப்படிப் பார்ப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது. இப்போதைக்கு இது போதும்: சிஎம்டி வருகிற வீடியோவை நம்பாதீர்கள், நிஜ பாக்கெட் வந்து டிசிடி எரிந்து திரையில் எழுத்து விழுகிறதைக் காட்டச் சொல்லுங்கள். மூடி திறந்த படம் கேளுங்கள். ரேடியோவின் சீரியல் நம்பர் தெரிகிற படம் கேளுங்கள். கால்சைன் சொன்னால் உள்ளூர் கிளப்பில் விசாரியுங்கள். முழுப்பணம் முன்னால் போடவே போடாதீர்கள்.

பச்சை மேசைவிரிப்பு விளம்பரத்தைப் பார்த்தால் ரிப்போர்ட் செய்யுங்கள். யாரிடமாவது உபரியாக எக்ஸ்ஆர் 2211 இருந்தால் சொல்லுங்கள். காசு கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன், நேரில் வந்து.