கடன் பத்திரத்தில் மின்-கையெழுத்து: சாதா ஈ-சைனா, சான்றிதழ் முத்திரையா, சிங்பாஸா?

மின்-கையெழுத்து மென்பொருள் விற்கும் நிறுவனங்களின் கையேடுகளை வரிசையாக வைத்துப் படித்தால் எல்லாரும் ஒரே பொருளை விற்பதாகத்தான் தோன்றும். ஒருவர் ‘எலெக்ட்ரானிக் சிக்னேச்சர்’ என்கிறார். அடுத்தவர் ‘டிஜிட்டல் சிக்னேச்சர்’ என்கிறார். இன்னொருவர் ‘செக்யூர்’, ‘அட்வான்ஸ்டு’ என்று அடைமொழி சேர்க்கிறார். எல்லாவற்றின் கீழும் ‘சட்டப்படி செல்லும்’ என்ற வரி இருக்கிறது. வங்கிகளுக்குச் சட்டப் பிரிவு உண்டு, பிரித்துப் பார்த்துக்கொள்வார்கள். சிங்கப்பூரில் 1925ல் அரசாங்க ஊழியர்களுக்காகத் தொடங்கிய முதல் சிக்கனக் கடன் கூட்டுறவுச் சங்கத்தின் வழியில் இன்றும் இயங்கும் சங்கங்களின் நிலைமை வேறு. அவற்றின் நிர்வாகக் குழுவில் பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் கூட்டத்துக்கு வரும் தொண்டூழியர்கள் பலர். அவர்களையும், அவர்களிடம் ஜாமீன் கையெழுத்துப் போடும் நம் மக்களையும் மனத்தில் வைத்துத்தான் இந்த ஒப்பீடு.

நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான். கடன் வாங்கியவர் கட்டாமல் போய், ஜாமீன் போட்டவரிடம் சங்கம் போய் நிற்கும்போது, ‘இது நான் போட்ட கையெழுத்தே இல்லை’ என்று அவர் சொன்னால், நிரூபிக்கும் சுமை யார் தலையில் விழுகிறது? எந்த மென்பொருளையும் இந்தக் கேள்வியைக் கொண்டுதான் அளக்க வேண்டும்.

சாதா ஈ-சைன்

திரையில் பெயரைத் தட்டச்சு செய்வது, விரலால் கிறுக்குவது, ‘ஒப்புக்கொள்கிறேன்’ பொத்தானை அழுத்துவது எல்லாமே இந்த வகை. இது செல்லாது என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். தவறு. சிங்கப்பூர் 1998லேயே மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டம் கொண்டுவந்துவிட்டது; இப்போது நடைமுறையில் இருப்பது 2010ஆம் ஆண்டுச் சட்டம். அதன் 8ஆம் பிரிவு இரண்டு விஷயங்களைத்தான் கேட்கிறது. கையெழுத்திட்டவர் யார் என்று அடையாளம் தெரிய வேண்டும். ஆவணத்தில் உள்ளது பற்றிய அவருடைய எண்ணம் தெரிய வேண்டும். இவற்றைக் காட்டப் பயன்படுத்திய முறை அந்தக் காரியத்துக்குத் தகுந்த அளவு நம்பகமாக இருக்க வேண்டும், அல்லது அந்த இரண்டையும் நிறைவேற்றியது என்று மற்றச் சான்றுகளோடு சேர்த்துக் காட்டினாலும் போதும்.

அதற்கும் முன்பே, 2005ல், ஒரு கிடங்குக் குத்தகை வழக்கில் நீதிபதி ஜூடித் பிரகாஷ் அளித்த தீர்ப்பு நினைவில் வைக்கத்தக்கது. நிலம் சம்பந்தப்பட்ட ஒப்பந்தங்களை அன்றைய மின்னணுச் சட்டம் தன் வரம்புக்கு வெளியே வைத்திருந்தது. அப்படியிருந்தும், மின்னஞ்சலின் அனுப்புநர் வரியில் வந்த பெயரே கையெழுத்தாகும் என்று, நீதிமன்றத் தீர்ப்புகளின் வழி வந்த பொதுச் சட்டத்தின்படி உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆகவே சாதா ஈ-சைனுக்குச் சட்ட மதிப்பு உண்டு என்பதில் சந்தேகம் வேண்டாம்.

செல்லுபடியாவது வேறு, நிரூபிப்பது வேறு. சாதா ஈ-சைனில் நிரூபிக்கும் வேலை முழுக்கச் சங்கத்தின் தலையில்தான். எந்த மின்னஞ்சலுக்குப் போனது, எந்த இணைய முகவரியிலிருந்து திறந்தார்கள், எத்தனை மணிக்கு அழுத்தினார்கள் என்ற தடப்பதிவைக் காட்டலாம். ஆனால் ஒரே வீட்டில், ஒரே கணினியில், மகன் அப்பாவின் மின்னஞ்சலைத் திறந்து அழுத்தியிருந்தால் அந்தப் பதிவில் ஒரு வித்தியாசமும் தெரியாது. நம் குடும்பங்களில் அப்பாவின் மின்னஞ்சலை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

சான்றிதழ் முத்திரை

‘எங்களுடையது டிஜிட்டல் சிக்னேச்சர்’ என்று விற்பனையாளர் சொன்னால் உடனே கேட்க வேண்டியது: யாருடைய சாவி?

டிஜிட்டல் கையெழுத்து என்பது கணிதம். ஆவணத்திலிருந்து ஒரு சுருக்க எண்ணை எடுத்து, அதை ஒரு ரகசியச் சாவியால் பூட்டுகிறார்கள். அதோடு சேர்ந்த பொதுச் சாவியால் யாரும் சரிபார்க்கலாம். ஆவணத்தில் ஒரு புள்ளி மாறினாலும் சரிபார்ப்பு தோற்றுவிடும். இதில் குறையே கிடையாது. ஆனால் சந்தையில் உள்ள பல சேவைகளின் சாதாரணத் திட்டத்தில், எல்லாரும் கையெழுத்திட்டு முடித்தபின் பிடிஎஃப் மீது விழுவது சேவை நிறுவனத்தின் சொந்தச் சாவி. கையெழுத்திட்டவரின் சாவி அன்று. அது அரக்கு முத்திரை மாதிரி. உறையை வழியில் யாரும் பிரிக்கவில்லை என்று சொல்லும்; உள்ளே இருக்கும் கடிதத்தை எழுதியது யார் என்று சொல்லாது. ஆவணம் மாறவில்லை என்பதற்கு அது அருமையான சான்று. உங்கள் ஜாமீன்தாரர்தான் போட்டார் என்பதற்கு அது சான்றே இல்லை.

டாக்குசைன், அடோபி, ஒன்ஸ்பான் போன்ற பெரிய சேவைகளில் கையெழுத்திடுபவருக்கே சான்றிதழ் (இந்தச் சாவி இன்னாருடையது என்று உறுதிசெய்யும் மின்-ஆவணம்) தரும் வழிகளும் இருக்கின்றன. எந்த வகைக்கு விலை சொல்கிறார்கள் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இங்கே இன்னொரு தொழில்நுட்ப விஷயத்தையும் கவனிக்க வேண்டும். சான்றிதழுக்குக் காலாவதித் தேதி உண்டு. கடன் தவணை முடிவதற்குள் சான்றிதழ் காலாவதியாகிவிடலாம். கையெழுத்திட்ட நேரத்தில் அது செல்லுபடியாக இருந்தது என்பதை நம்பகமான நேர முத்திரையோடு ஆவணத்துக்குள்ளேயே பொதிந்து வைக்கும் வசதிக்கு நீண்டகாலச் சரிபார்ப்பு என்று பெயர். கடன் ஆவணத்துக்கு இது இல்லாத திட்டத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சிங்பாஸ் கையெழுத்து

சிங்பாஸ் என்பது சிங்கப்பூர் அரசாங்கத்தின் டிஜிட்டல் அடையாளச் சேவை. அதன் வழியே கையெழுத்திடும் வசதி 2020 நவம்பரில் வந்தது. திரையில் உள்ள கியூஆர் குறியீட்டைச் சிங்பாஸ் செயலியால் வருடி, கைரேகை, முகம் அல்லது கடவு எண்ணால் உறுதிசெய்தால் கையெழுத்து விழுகிறது. கையெழுத்திடுபவரின் பெயரில் சான்றிதழ் தருவது அரசாங்கத்தின் தேசியச் சான்றளிப்பு அமைப்பு. நெட்ரஸ்ட், டெடோக்கோ போன்ற உள்ளூர் நிறுவனங்களோடு டாக்குசைன், அடோபி போன்றவையும் இதைத் தங்கள் மென்பொருளில் இணைத்திருக்கின்றன. ஆகவே ‘டாக்குசைனா சிங்பாஸா’ என்று கேட்க வேண்டியதில்லை. ஒன்று ஆவணத்தைச் சுற்றுக்கு விடும் வண்டி. மற்றது கையெழுத்து.

மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டத்தில் இதற்குத் தனி இடம் உண்டு. 18ஆம் பிரிவு சொல்லும் ‘பாதுகாப்பான மின்னணுக் கையெழுத்து’க்கு நான்கு நிபந்தனைகள்: அந்த நபருக்கே உரியதாக இருக்க வேண்டும், அவரை அடையாளம் காட்ட வேண்டும், அவருடைய தனிக் கட்டுப்பாட்டில் உள்ள வழியால் உருவாகியிருக்க வேண்டும், ஆவணம் மாறினால் கையெழுத்து செல்லாதபடி பிணைந்திருக்க வேண்டும். இந்த நான்கும் இருந்தால், 19ஆம் பிரிவின்படி நீதிமன்றம் அது அவருடைய கையெழுத்துதான், ஒப்புக்கொள்ளும் எண்ணத்தோடுதான் போட்டார் என்று அனுமானித்துக்கொள்ளும். இல்லை என்பவர்தான் எதிர்ச்சான்று கொண்டுவர வேண்டும். சிங்பாஸ் கையெழுத்து இந்த வகையில் சேரும் என்பதே அரசாங்கத்தின் நிலைப்பாடு. நான் கேட்ட கேள்விக்கு இதுதான் நேரான பதில்: சுமை மறுபக்கம் போகிறது.

‘எங்கள் மென்பொருளும் அதே 18ஆம் பிரிவில் வரும்’ என்று மற்ற விற்பனையாளர்கள் சொல்லலாம். வழி இருக்கிறது, சட்டம் அதை மறுக்கவில்லை. இரு தரப்பும் ஒப்புக்கொண்ட, வணிகரீதியில் நியாயமான பாதுகாப்பு முறையாக இருந்தாலும் போதும். ஆனால் எது நியாயம் என்று தீர்மானிக்கும்போது பரிவர்த்தனையின் தன்மை, தரப்பினர் எவ்வளவு விவரம் தெரிந்தவர்கள் என்பது, மாற்று முறைகளின் செலவு, பொதுவாகப் புழங்கும் முறை எல்லாவற்றையும் பார்க்கச் சொல்கிறது சட்டம். நாட்டில் பெரும்பாலோர் கைபேசியில் சிங்பாஸ் இருக்கும்போது, ஓய்வுபெற்ற ஒரு துறைமுகத் தொழிலாளியிடம் வெறும் மின்னஞ்சல் இணைப்பை அனுப்பி ஜாமீன் வாங்கியதை நியாயமான முறை என்று வாதாடுவது கடினம். அது வாதாட வேண்டிய நிலைமையாக இருக்கவும் கூடாது என்பது என் எண்ணம்.

ஜாமீன் ஏன் தனி?

‘அண்ணே, ஒரு சின்னக் கையெழுத்து’ என்று கேட்டால் நம்மில் பலருக்கு மறுக்க வாய் வராது. உறவு, ஊர்க்காரர், ஒரே இடத்தில் வேலை பார்த்தவர். ஆனால் சட்டத்தின் கண்ணில் அந்தச் சின்னக் கையெழுத்துக்குத்தான் எடை அதிகம். பெரும்பாலான ஒப்பந்தங்களுக்குக் கையெழுத்து கட்டாயமே இல்லை. வாய்வார்த்தையும் பணம் கைமாறியதும்கூடச் சான்றாகும். இன்னொருவர் கடனுக்குப் பொறுப்பேற்கும் வாக்குறுதி மட்டும் அப்படி இல்லை. அது எழுத்தில் இருந்து, பொறுப்பேற்பவர் கையெழுத்திட்டிருந்தால்தான் வழக்குத் தொடுக்க முடியும் என்கிறது குடிமைச் சட்டத்தின் 6ஆம் பிரிவு. கடன் வாங்கியவர் கையெழுத்தில் ஓட்டை இருந்தாலும் அவர் கணக்குக்குப் பணம் போன பதிவு இருக்கிறது. ஜாமீன்தாரருக்கு அப்படி ஒரு பதிவும் கிடையாது. கையெழுத்தைத் தவிர அவரைக் கட்டுவது ஒன்றும் இல்லை.

அதனால் ஜாமீனுக்குச் சிங்பாஸ்தான் என்பேன், இரு தரப்பின் நன்மைக்காகவும். சங்கத்துக்குச் சான்று வலுவாகிறது. ஜாமீன்தாரருக்குத் தெரியாமல் அவர் பெயரில் யாரும் கையெழுத்துப் போடுவது கடினமாகிறது. முகவரி மாற்றம், சந்தா உயர்த்தும் படிவம், கூட்ட வருகைப் பதிவு போன்றவற்றுக்குச் சாதா ஈ-சைன் தாராளமாகப் போதும். அங்கேயும் உயர்ந்த முறையை வைத்து உறுப்பினரை அலைக்கழிப்பதில் பயன் இல்லை.

மின்னஞ்சல் இணைப்பு என்ற தலைவலி

இதை எந்தக் கையேடும் முன்வரிசையில் சொல்வதில்லை. ஈ-சைன் மென்பொருள் பெரும்பாலானவற்றின் வழக்கமான முறை, ‘இங்கே அழுத்திக் கையெழுத்திடுங்கள்’ என்று ஓர் இணைப்பை மின்னஞ்சலில் அனுப்புவது. 2021 டிசம்பரில் ஓசிபிசி வங்கி வாடிக்கையாளர்களைக் குறிவைத்த போலிக் குறுஞ்செய்தி மோசடியில் ஏறத்தாழ 790 பேர் மொத்தம் 13.7 மில்லியன் வெள்ளி இழந்தார்கள். அடுத்த மாதமே சிங்கப்பூர் நாணய ஆணையமும் வங்கிகள் சங்கமும், தனிநபர் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் மின்னஞ்சலிலும் குறுஞ்செய்தியிலும் அழுத்தக்கூடிய இணைப்புகளை நீக்கும்படி வங்கிகளுக்கு அறிவித்தன. 2024 ஜூலையில், டிஜிட்டல் டோக்கன் (கைபேசியிலேயே ஆளை உறுதிசெய்யும் வசதி) வைத்திருப்போர் வங்கிக் கணக்கில் நுழைய ஓடிபி என்ற ஒருமுறைக் கடவு எண்ணைப் பயன்படுத்துவதையும் படிப்படியாக நிறுத்தப்போவதாகச் சொன்னார்கள்.

இணைப்பை அழுத்தாதீர்கள் என்று முதியவர்களுக்கு இத்தனை ஆண்டுகள் சொல்லிக் கொடுத்துவிட்டு, கடன் பத்திரத்துக்கு மட்டும் இணைப்பை அழுத்துங்கள் என்று சொல்வது பெரிய கேடு. எனவே ‘ரிமோட் சைனிங்’ (இணைப்பு அனுப்பும் முறை), ‘எம்பெடட் சைனிங்’ என்ற இரண்டில் பின்னதைக் கேளுங்கள். உறுப்பினர் தாமே சங்கத்தின் தளத்துக்குள் நுழைந்து அங்கேயே கையெழுத்திடும் முறை அது. கடன் கூட்டுறவுச் சங்கங்கள் நாணய ஆணையத்தின் கீழ் வருபவை அல்ல, கூட்டுறவுச் சங்கப் பதிவாளரின் கீழ் வருபவை. அந்த அறிவிப்பு வங்கிகளுக்குத்தான் என்றாலும் மோசடிக்காரர் அந்த வேறுபாட்டைப் பார்க்கப் போவதில்லை.

வெளிநாட்டுச் சொற்கள்

ஐரோப்பாவின் 2014ஆம் ஆண்டு ஈஐடாஸ் ஒழுங்குமுறை மூன்று படிகள் வைக்கிறது: சாதாரணம், அட்வான்ஸ்டு, குவாலிஃபைடு. கடைசிப் படிதான் பேனாக் கையெழுத்துக்குச் சமம். அட்வான்ஸ்டுக்கு அவர்கள் சொல்லும் நிபந்தனைகள் நம் 18ஆம் பிரிவை ஒத்திருக்கின்றன. ஆனால் அந்தப் பட்டம் இங்கே தானாக எந்த அனுமானத்தையும் பெற்றுத் தராது. குவாலிஃபைடுக்கு அதிகப் பணம் கேட்டால், எந்தச் சிங்கப்பூர்ச் சட்டத்துக்காக என்று கேளுங்கள்.

அமெரிக்க மென்பொருளில் தொடக்கத்தில் வரும் நீண்ட ஒப்புதல் பக்கம் அங்குள்ள 2000ஆம் ஆண்டு ஈ-சைன் சட்டம் நுகர்வோருக்காக வைத்த விதியிலிருந்து வருவது. கடன் வரலாற்றிலிருந்து கேள்வி கேட்டு ஆளை உறுதிசெய்யும் முறையும் அங்கத்தியதுதான். இங்கே சிங்பாஸ் அந்த வேலையை நன்றாகச் செய்கிறது. மின்பத்திரத்தின் மூலப்பிரதி ஒன்றே என்று காக்கும் ‘ஈ-வால்ட்’, ‘மூலப்பிரதிக் கட்டுப்பாடு’ என்பவை கடன் பத்திரங்களை வாங்கி விற்கும் சந்தைக்கானவை. சிங்கப்பூரிலும் 2021 திருத்தத்துக்குப் பின் சரக்கு ஏற்றுமதிச் சீட்டு, பிராமிசரி நோட்டு போன்றவை மின்வடிவில் கைமாறச் சட்டம் இடம் தருகிறது. வணிக நிதி பார்க்கும் வங்கிகளுக்கு அது முக்கியம். உறுப்பினர் கடனைத் தானே வைத்திருக்கும் சங்கத்துக்கு அது தேவையில்லாத செலவு.

கையெழுத்துக்கு ஒன்றாக அனுப்பும் ஆவணத் தொகுப்பை டாக்குசைன் ‘என்வலப்’ என்கிறது, அடோபி ‘அக்ரிமெண்ட்’ என்கிறது, ஒன்ஸ்பான் ‘டிரான்சாக்ஷன்’ என்கிறது. முடிவில் வரும் தடப்பதிவும் அப்படித்தான்: நிறைவுச் சான்றிதழ், தணிக்கை அறிக்கை, சான்றுச் சுருக்கம். ஒன்றே. என்வலப் கணக்கில் கட்டணம் வாங்கினால், ஒரே என்வலப்பில் எல்லாவற்றையும் திணித்துச் செலவைக் குறைக்கத் தோன்றும். அப்போது கடன் கேட்டவரின் சம்பளச் சீட்டை ஜாமீன்தாரரும் பார்க்கும்படி ஆகிவிடக்கூடாது. யாருக்கு எந்தப் பக்கம் தெரியும் என்ற அமைப்பைச் சோதித்துவிட்டுத் தொடங்குங்கள்.

சிங்பாஸ் இல்லாதவர் ஜாமீன் போட வந்தால், உதாரணமாகத் திருச்சியிலேயே வசிக்கும் அண்ணன் என்றால், ஊழியர் முன்னிலையில் காகிதத்தில் வாங்குவதே நல்லது. அவர் சிங்கப்பூர் வரும்வரை காத்திருக்கலாம். சிங்பாஸ் செயலியைத் தமிழில் பார்க்கலாம். பத்திரம் ஆங்கிலத்தில்தான் இருக்கும். அதைப் படித்துச் சொல்ல ஓர் ஊழியர் பக்கத்தில் இருக்க வேண்டும், யார் எப்போது விளக்கினார் என்ற குறிப்பும் கோப்பில் இருக்க வேண்டும். ஒப்பந்தம் முடிந்து வேறு நிறுவனத்துக்கு மாறும் நாளில், பழைய பிடிஎஃப்களோடு தடப்பதிவுகளையும் சேர்த்துத் தருவார்களா, எந்த வடிவில், என்ன கட்டணத்தில் என்பதை முதல் சந்திப்பிலேயே கேட்டு ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.