தட்டை ஆன்டெனா: வேலையில் குறையில்லை, மின்சாரத்தில்தான் எரிச்சல்

இன்வெர்ட்டர் பேட்டரியை மாற்றி முடித்த கையோடு எழுதுகிறேன். இதே நேரம் பார்த்து நண்பர் ஒருவர், "சாட்டிலைட் இன்டர்நெட் போடலாமா?" என்று கேட்டிருக்கிறார்.

அந்த இன்டர்நெட்டுக்காக என் வீட்டில் வைத்திருக்கும் தட்டை ஆன்டெனா செய்யும் வேலை அபாரம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில், விநாடிக்கு ஏறத்தாழ 7.6 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் செயற்கைக்கோளை, இருந்த இடத்தில் அசையாமல் படுத்தபடியே பின்தொடர்கிறது. உள்ளே வரிசையாகக் குட்டி ஆன்டெனாக்கள். ஒவ்வொன்றின் அலையையும் மிக நுணுக்கமாக முன்பின் தள்ளினால் எல்லா அலைகளும் சேர்ந்த கற்றை வேண்டிய பக்கம் திரும்பிவிடும். ஒரு செயற்கைக்கோள் சில நிமிடங்களில் தாண்டிப் போனதும் அடுத்ததைப் பிடித்துக்கொள்ளும். வீடியோ காலில் இருப்பவருக்குப் பெரும்பாலும் தெரியவே தெரியாது. 35,786 கிலோமீட்டர் உயரச் செயற்கைக்கோள்களை நம்பியிருந்த காலத்தில், கேட்ட கேள்விக்குப் பதில் வர அரை விநாடிக்கு மேல் காத்திருப்போம். அந்த அவதி சுத்தமாகப் போய்விட்டது.

சரி, மின்சாரத்துக்கு வருகிறேன். என்னுடையது சராசரியாக 70 வாட் இழுக்கிறது. யாரும் பயன்படுத்தாத நடுராத்திரியிலும் பெரிதாகக் குறைவதில்லை. நாளுக்கு 1.7 யூனிட் அளவுக்கு வருகிறது. சேவை மையத்தில் கேட்டால் "இது இயல்புதான்" என்கிறார்கள். இயல்புதான், எனக்கும் தெரியும். பழைய கிண்ண டிஷ்ஷில் அலையைக் குவிப்பது வளைந்த தகடு. அதற்கு மின்சாரம் வேண்டாம். இதில் குவிப்பது, திருப்புவது எல்லாமே சிப்புகளின் வேலை. இழுக்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி வெப்பமாகத்தான் போகிறது. பின்பக்கம் கை வைத்துப் பாருங்கள், புரியும். ஆனால் காரணம் தெரிந்தால் பேட்டரி நிறைந்துவிடுமா?

தூங்க வைக்கும் வசதி இருக்கிறது. மறுபடி எழுப்பினால் செயற்கைக்கோளைத் தேடிப் பிடிக்கச் சில நிமிடம் ஆகும். ராத்திரி அவசரத்துக்கு அது உதவாது. அதனால் நான் அணைப்பதே இல்லை.

வேகம், தாமதம், உறுதி எதிலும் குறை சொல்ல மாட்டேன். மழையிலும் வெயிலிலும் கிடந்து உழைக்கிறது. தடையில்லாத மின்சாரம் இருப்பவர்கள் யோசிக்காமல் வாங்கலாம். நண்பர் இருப்பதோ என்னைப் போலவே பேட்டரியை நம்பி. இரவு முழுக்க 70 வாட் தாங்கும் பேட்டரியை முதலில் போடச் சொன்னேன். அதுவரை வாங்க வேண்டாம்.