தனியாகச் சட்டத்தொழில்: 31 வருடப் பாவனைக்குப் பிறகு

1994இல் உச்ச நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் எடுத்த அன்றே அப்பா கேட்டார்: "இனி மாதம் எவ்வளவு வரும்?" இன்றைக்கும் அதற்கு என்னிடம் பதில் இல்லை. அரசாங்க உத்தியோகம், கம்பனி வேலை எதற்கும் போகாமல் கொழும்பிலேயே காலம் தள்ளிவிட்டேன். சட்டக்கல்லூரிப் பிள்ளைகள் "தனியாகத் தொழில் செய்வது எப்படி, சேர்?" என்று கேட்பதால் எழுதுகிறேன்.

முதல் நான்கு வருடம் பொறுமைக்குச் சோதனை. வெள்ளவத்தையில் 100ஆம் இலக்க பஸ் ஏறிப் புறக்கோட்டை, அங்கிருந்து நீதிமன்றங்கள் இருக்கிற புதுக்கடைக்கு நடை. சீனியரின் கோப்புகளைச் சுமப்பேன், வழக்குகளுக்குத் தவணை எடுப்பேன். சம்பளம் கிடையாது, அவருக்கு நினைவு வந்தால் ஒரு என்வலப். நடவடிக்கை எல்லாம் சிங்களத்தில். சந்தையில் பேசிய சிங்களம் அங்கே எடுபடவில்லை. என் சிங்களம் திருந்தியது நீதிமன்ற முதலியார் (மொழிபெயர்ப்பாளர்) ஒருவரின் சிரிப்புக்குப் பயந்துதான்.

கறுப்புக் கோட்டுத்தான் சோறு போடுகிறது என்று சனம் நினைக்கிறது. என் வீட்டில் உலை கொதித்தது நொத்தாரிசு வேலையால், அதாவது காணி, வீட்டு உறுதிகளை எழுதி அத்தாட்சிப்படுத்துவதால். ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர் விடுமுறைகளில் கோட்டு ஆணியில் தொங்கும். உறுதி எழுத வருகிறவர்கள் மட்டும் வந்துகொண்டே இருப்பார்கள். வெள்ளவத்தையில் தொடர்மாடிகள் எழும்பத் தொடங்கியதும் வேலை இன்னும் கூடியது. கனடாவில் இருக்கிற அண்ணன் அற்றோணித் தத்துவம் (தன் சார்பில் கையெழுத்திட இன்னொருவருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) அனுப்பி ஊர்க் காணியை விற்பார், அந்தக் காசில் தம்பி இங்கே வீடு வாங்குவார். என் மேசையில் ஒரு பக்கம் ஊர்க் காணி அளவான பரப்பும் குழியும், மறுபக்கம் தொடர்மாடியின் சதுர அடி. தேசவழமைக் (யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டம்) காணி என்றால் கூட்டுப் பங்காளிக்கு முதலில் அறிவித்தாயிற்றா என்றும் பார்க்க வேண்டும்.

பார்க்கச் சின்ன வேலை. ஆனால் கண் கொஞ்சம் அசந்தால் போச்சு. ஒருமுறை எல்லை விவரத்தில் கிழக்கும் மேற்கும் மாறிவிட்டது. மூலம், நொத்தாரிசு வைத்துக்கொள்ளும் புரொட்டகோல், காணிப் பதிவகத்துக்குப் போகும் டூப்ளிகேட் மூன்றையும் நானே வாசித்துக் காட்டினேன், இரண்டு சாட்சிகளும் தலையாட்டினார்கள், ஒருவருக்கும் தெரியவில்லை. எட்டு மாதம் கழித்து வாங்கியவர் கடனுக்குப் போனபோது வங்கிச் சட்டத்தரணி கண்டுபிடித்தார். விற்ற அம்மாவைத் தேடிப்பிடித்து, திருத்த உறுதி எழுதி, முழுச் செலவும் என் கைக்காசு. "தம்பி, என்ரை காணி இப்ப எந்தப் பக்கம்?" என்று அவர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

குறைகள் என்றால், ஊழியர் சேமலாப நிதியும் இல்லை, ஓய்வூதியமும் இல்லை. காய்ச்சலில் படுத்தால் வரும்படியும் படுத்துவிடும். 2020 ஊரடங்கில் அதை நன்றாகவே அனுபவித்தேன். கூட்டுக் காணியைப் பங்கு பிரிக்கும் பிரிவினை வழக்குகளைப் பற்றிக் கேட்காதீர்கள். ஒன்றில் பாட்டி கட்சிக்காரராக வந்தார், இப்போது பேரன் வருகிறான். பங்கு 1/48 என்று சுருங்கிவிட்டது, பீஸ் கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

மாதச் சம்பளம் வந்தால்தான் நிம்மதி என்கிற ஆளுக்கு இது சரிவராது. தெரிந்தவர், அவருக்குத் தெரிந்தவர் என்று வருகிறவர்களுக்காக ஐந்தாறு வருடம் காத்திருக்க முடிந்தால் வரலாம். அப்புறம் ஒன்று: டூப்ளிகேட்டுகளை ஒவ்வொரு மாதமும் 15ஆம் திகதிக்குள் காணிப் பதிவகத்தில் கொடுத்துவிட வேண்டும். நான் 12ஆம் திகதியே கொடுத்துவிடுவேன். அந்த அம்மாவின் உறுதிக்குப் பிறகு வந்த பழக்கம்.