‘பிரிசனர்ஸ் ஆஃப் ஜியாகிரஃபி’: நிலம் உண்டு, பொழுது எங்கே?

மொரீசியஸின் தலைநகரான போர்ட் லூயிஸில் நான் வழக்கமாகச் செல்லும் புத்தகக் கடையில், உலக அரசியல் நூல்களின் அடுக்கில் சில ஆண்டுகளாக வரைபடம் அச்சிட்ட அட்டைகளே மிகுதியாகக் கண்ணில் படுகின்றன. அவற்றுள் பரவலாக வாசிக்கப்பட்டது, பிரிட்டிஷ் தொலைக்காட்சிச் செய்தியாளர் டிம் மார்ஷல் 2015இல் வெளியிட்ட ‘பிரிசனர்ஸ் ஆஃப் ஜியாகிரஃபி’ (புவியியலின் கைதிகள்). மலையும் ஆறும் கடலும் சமவெளியும் ஆட்சியாளர்களின் கைகளை எவ்வாறு கட்டிப்போடுகின்றன என்பதைப் பத்து அத்தியாயங்களில் சொல்லும் நூல் இது. இரண்டு முறை படித்த பிறகே இதை எழுதுகிறேன்; முதல் வாசிப்பில் தோன்றிய வியப்பு இரண்டாவது வாசிப்பில் சற்றுக் குறைந்தது.

ரஷ்யாவைப் பற்றிய முதல் அத்தியாயமே நூலின் சிறந்த பகுதி. பால்டிக் கடலுக்கும் கார்பேத்திய மலைகளுக்கும் இடையே, போலந்தில் ஏறத்தாழ 500 கிலோமீட்டர் அகலமே உள்ள வட ஐரோப்பியச் சமவெளி, கிழக்கே செல்லச் செல்ல விரிந்து, ரஷ்ய எல்லையில் மூவாயிரம் கிலோமீட்டருக்கும் மேலாகப் பரந்துவிடுகிறது. அவ்வளவு நீண்ட திறந்தவெளியைக் காப்பது கடினம் என்பதால், சமவெளி குறுகும் இடம்வரை தன் செல்வாக்கை நீட்டவே மாஸ்கோவில் எவர் ஆண்டாலும் முயல்வார் என்பது மார்ஷலின் வாதம். 1812இல் நெப்போலியனும் 1941இல் ஹிட்லரும் வந்த வழியை நினைத்துப் பார்த்தால் அது எளிதில் மனத்தில் பதிகிறது. ஆப்பிரிக்க அத்தியாயமும் அப்படித்தான். மிசிசிப்பியும் அதன் கிளை ஆறுகளும் அமெரிக்காவின் உள்நாட்டு வணிகத்தைச் சுமந்தபோது, ஆப்பிரிக்காவின் பேராறுகள் உயர்ந்த பீடபூமியிலிருந்து அருவிகளாக விழுந்து படகுகளைத் தடுத்த கதையை அவர் தெளிவாகச் சொல்கிறார். கொரியா, ஜப்பான், இலத்தீன் அமெரிக்கா ஆகியவை பற்றிய பக்கங்கள் பழைய செய்தித் தொகுப்பைப் போல இருக்கின்றன. அவற்றை விரைந்து கடந்துவிடலாம்.

என் குறை வேறு இடத்தில் இருக்கிறது. நிலமும் பொழுதும், அதாவது இடமும் காலமும், சேர்ந்தவையே முதற்பொருள் என்று தொல்காப்பியம் வகுத்தது. அகப்பாடலுக்குச் சொன்ன இலக்கணம்தான் என்றாலும், இந்த நூலைப் படிக்கும்போது அது மீண்டும் மீண்டும் நினைவுக்கு வந்தது. மார்ஷலிடம் நிலம் நிறைய இருக்கிறது, பொழுது போதவில்லை. அதே சமவெளி அங்கேயே கிடக்க, 1991இல் சோவியத் ஒன்றியம் ஏன் கலைந்தது, 2014இல் ரஷ்யா ஏன் கிரிமியாவைக் கைப்பற்றியது என்று கேட்டால், சமவெளியால் மட்டும் விடை சொல்ல இயலாது. புவியியலே எல்லாம் அல்ல என்று அவரும் முன்னெச்சரிக்கையாகச் சொல்லத்தான் செய்கிறார். ஆனால் அத்தியாயங்களின் நடை அந்த எச்சரிக்கையை மறந்துவிடுகிறது.

நம் தீவிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது இன்னும் தெளிவாகப் புலப்படும். 1735இல் பிரெஞ்சு ஆளுநராக வந்த லா பூர்தொனே, தென்கிழக்குக் காற்றை நேருக்கு நேர் வாங்கும் கிராண்ட் போர்ட்டை விட்டுவிட்டு, காற்று மறைவில் இருக்கும் போர்ட் லூயிஸைத் தலைநகராக்கினார். பாய்மரக் கப்பல் கிராண்ட் போர்ட்டுக்குள் எளிதாக நுழைந்துவிடும், வெளியேறத்தான் திணறும். புதிய துறைமுகத்தைக் கட்டப் புதுச்சேரியிலிருந்து கைவினைஞர்கள் வந்தார்கள். 1746இல் அவர் இங்கிருந்து கொண்டுசென்ற கப்பற்படை சென்னையையே பிடித்தது. ஐரோப்பாவிலிருந்து ஆப்பிரிக்காவைச் சுற்றி இந்தியாவுக்குச் செல்லும் கடல்வழியில் இருந்ததற்காகவே 1810இல் பிரிட்டிஷார் இத்தீவைக் கைப்பற்றினர். ஆனால் 1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் அந்த வழி வேறு பக்கம் திரும்பிவிட்டது. தீவு ஓர் அங்குலமும் நகரவில்லை, அதன் மதிப்பு மட்டும் சரிந்தது. 2023 இறுதியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்படத் தொடங்கியபின் பல கப்பல்கள் மீண்டும் ஆப்பிரிக்காவின் தென்கோடியிலுள்ள நன்னம்பிக்கை முனையைச் சுற்றத் தொடங்கின.

இந்துமாக்கடலின் நடுவிலுள்ள சாகோஸ் தீவுக்கூட்டத்தின் கதை இதைவிடக் கசப்பானது. 1965இல், நம் விடுதலைக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், பிரிட்டிஷ் அரசு அத்தீவுகளை மொரீசியஸிலிருந்து பிரித்தது. 1968 முதல் 1973 வரை அங்கு வாழ்ந்த மக்கள் வெளியேற்றப்பட்டனர். அவற்றுள் பெரிய தீவான டியேகோ கார்சியா அமெரிக்கப் படைத்தளமாயிற்று. நடுக்கடலில் இருக்கும் ஒரு பவளத்தீவைத் தேர்ந்தெடுத்ததற்கு இருப்பிடம் காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் 2019இல் பன்னாட்டு நீதிமன்றம் அந்தப் பிரிப்பால் மொரீசியஸின் விடுதலை சட்டப்படி முறையாக நிறைவேறவில்லையென்று கருத்துரைத்ததும், 2025 மே மாதம் பிரிட்டிஷ், மொரீசியஸ் அரசுகள் இரண்டும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதும் எந்த மலையாலும் நீரோட்டத்தாலும் நடந்தவை அல்ல. சிறிய நாடு ஒன்று ஆண்டுக்கணக்கில் வழக்காடியதால் நடந்தவை. சிறையென்ற உவமை அவ்வழக்கறிஞர்களுக்குப் பொருந்தவில்லை.

இந்துமாக்கடலை மையமாக வைத்த நூல் வேண்டுமென்போர் ராபர்ட் கப்லானின் ‘மான்சூன்’ (2010) நூலை எடுக்கலாம். ஓமானிலிருந்து இந்தோனேசியா வரை அவர் நேரில் சென்று எழுதியிருப்பதால், ஊரும் மனிதரும் அதில் கண்முன் நிற்கிறார்கள். ஆனாலும் வாஷிங்டனின் கவலைகளே அவருடைய கண்ணாடி, மொரீசியஸுக்கு அதிலும் தனி அத்தியாயம் கிடையாது. வாதத்தின் தெளிவில் மார்ஷலே முந்துகிறார், பயணத்தின் சுவையில் கப்லான்.

மார்ஷலின் ஆங்கிலம் எளியது. உயர்நிலைப் பள்ளி மாணவரும் தடையின்றிப் படிக்கலாம். வரைபடங்களை நம்பி மட்டும் வாங்க வேண்டாம். பத்தியில் வரும் ஊர்கள் எல்லாம் அவற்றில் இல்லாததால், நல்லதொரு நிலப்படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நலம். பள்ளி இறுதித் தேர்வுக்குப் படிக்கும் என் தமக்கை மகனுக்கு என் படியைக் கொடுத்தபோது, ரஷ்யாவையும் ஆப்பிரிக்காவையும் முதலில் படித்துவிட்டு, சூயஸ் திறந்த ஆண்டைத் தாள் ஓரத்தில் எழுதிவைத்துக்கொண்டு மற்றவற்றைப் படிக்கச் சொன்னேன்.