மேலிமை அறுவைக்குப் பின் ஆறு ஆண்டுகள்

மாலை நான்கு மணியானால் நெற்றி வலிக்கத் தொடங்கிவிடும். மெய்ப்புத் திருத்துவது என் வேலை. பகல் முழுவதும் கண் தாளில்தான். மூக்குக்கண்ணாடியை மாற்றினேன், மேசை விளக்கை மாற்றினேன், வலி போகவில்லை. மேலிமைத் தோல் தளர்ந்து, மடிந்து, இமைமயிரின் மேல் படுத்துக்கிடந்ததும், அதைத் தூக்கிப் பிடிக்கப் புருவம் ஓயாமல் மேலேறிக்கொண்டிருந்ததும் வெகுநாள் கழித்தே எனக்குப் புரிந்தது. அப்போது எனக்கு 56 வயது.

அழகுக்காகச் செய்தீர்களா, பார்வைக்காகவா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். இரண்டுக்கும்தான். நன்றாகத் தூங்கி எழுந்த நாளிலும் "உடம்பு சரியில்லையா?" என்று கேட்கப்படுவது எனக்கு வருத்தமாக இருந்தது. அதைச் சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

முதலில் பார்த்த மருத்துவர் என் முகத்தை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு அறுவைக்குத் தேதி கொடுத்தார். எழுந்து வந்துவிட்டேன். இரண்டாவது மருத்துவர் கண் இமை அறுவையிலேயே பயிற்சி பெற்றவர். தோல் தொங்குவது வேறு, இமையைத் தூக்கும் தசை தளர்ந்து இமையே இறங்கிவிடுவது வேறு என்பதை அவரிடம்தான் தெரிந்துகொண்டேன். இரண்டாவது கோளாறு இருந்தால் தோலை மட்டும் வெட்டிப் பயனில்லை. பக்கப்பார்வைச் சோதனையை இரண்டு முறை செய்தார்: ஒருமுறை இமை இருந்தபடியே, மறுமுறை தோலைப் பிளாஸ்திரியால் தூக்கி ஒட்டிவைத்து. இரண்டாவது முறை மேல்பக்கத்திலிருந்து வந்த ஒளிப்புள்ளிகள் எல்லாம் தெரிந்தன. அத்தனை நாளும் எவ்வளவு இழந்திருந்தேன் என்று எண்ணியபோது தொண்டை அடைத்தது. பிறகு கீழிமை ஓரத்தில் மெல்லிய வடிதாள் துண்டைச் செருகி, ஐந்து நிமிடத்தில் கண்ணீர் எவ்வளவு தூரம் நனைக்கிறது என்று அளந்தார். கண் ஏற்கெனவே வறண்டிருந்தால் இந்த அறுவை அதை மோசமாக்கும். இந்தச் சோதனையைச் செய்யாதவரிடம் இமையைக் கொடுக்காதீர்கள் என்று யாரிடமும் அழுத்திச் சொல்வேன்.

"இன்னும் கொஞ்சம் சேர்த்தே எடுத்துவிடுங்களேன், மறுபடி வர வேண்டாமே" என்று கேட்டேன். அவர் மறுத்துவிட்டார். "குறைவாக எடுத்தால் பிறகு எடுத்துக்கொள்ளலாம் அம்மா. கூடுதலாக எடுத்துவிட்டால் வேறு இடத்துத் தோலைக் கொண்டுவந்து ஒட்ட வேண்டியிருக்கும். புருவத்துக்கும் இமைமயிருக்கும் நடுவில் 20 மில்லிமீட்டராவது இருந்தால்தான் கண் முழுதாக மூடும்." அன்று மனத்தாங்கலோடு வீட்டுக்குத் திரும்பினேன். ஆறு ஆண்டுகளில் நான் அதிகம் நன்றியோடு நினைத்துக்கொள்வது அந்த மறுப்பைத்தான்.

சொல் பற்றியே ஒரு செய்தி. இந்த அறுவைக்குப் பெயர் பிளெஃபரோபிளாஸ்டி. கிரேக்க வேர்ப்படி இமையை உருவாக்குவது என்று பொருள். 1818இல் ஜெர்மானிய அறுவை மருத்துவர் கார்ல் ஃபெர்டினாண்ட் ஃபான் கிராஃபே, புற்றுநோயால் இழந்த இமையைச் சீரமைப்பதற்கு இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். வெட்டுவது என்ற பொருள் அதில் எங்கும் இல்லை.

அறுவை ஒரு மணி நேரம்தான். உட்காரவைத்துப் பேனாவால் கோடு போட்டார்கள். படுத்தால் தோல் இடம் மாறிவிடும். மரத்துப்போகும் ஊசி போட்டபோது மட்டும் சுரீரென்றது. பிறகு வலி இல்லை, ஆனால் ரத்தக்குழாயைச் சுட்டு அடைக்கும்போது எழுந்த கருகல் வாசனை இன்றும் நினைவிருக்கிறது. திடீரென்று கடும் வலி வந்தாலோ, கண் பிதுங்கினாலோ, பார்வை மங்கினாலோ எந்த நேரமானாலும் ஓடிவர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். கண்ணுக்குப் பின்னால் ரத்தம் தேங்கினால் பார்வையே பறிபோகலாம். அரிதுதான், ஆனால் அரிது என்பதால் யாரும் தூங்கிவிடக்கூடாது. அன்றிரவு என் மகள் மணிக்கு ஒருமுறை எழுப்பி, ஒவ்வொரு கண்ணாக மூடச்சொல்லி, "எத்தனை விரல் அம்மா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

ஆறாம் நாள் தையல் பிரித்தார்கள். கன்றல் கன்னம் வரை இறங்கி, கறுத்து, மஞ்சளாகி, மறைய இரண்டு வாரம் ஆயிற்று. அதைவிடப் பொறுமையைச் சோதித்தது கண் வறட்சி. நான்கு மாதம் வரை தூங்கும்போது இமைகளுக்கு இடையே மெல்லிய கீற்றுபோல இடைவெளி இருந்தது. இரவில் களிம்பு, பகலில் சொட்டு மருந்து. மணல் விழுந்ததுபோல உறுத்தி, அச்செழுத்துகள் கலங்கித் தெரிந்தன. அந்த மாதங்களில் பாதி வேலையைத்தான் ஏற்றுக்கொள்ள முடிந்தது. பிறகு இமை மூடிக்கொண்டது. வறட்சி குறைந்ததே தவிர, முழுதாகப் போகவில்லை.

தழும்பு முதலில் இளஞ்சிவப்பாகத் தடித்திருந்தது. அதன் ஓரம் கடுகைவிடச் சிறிய வெள்ளைப் பருக்கள் இரண்டு வந்தன. மருத்துவர் ஊசி முனையால் எடுத்துவிட்டார். ஓராண்டில் கோடு மடிப்புக்குள் மறைந்துவிட்டது. இடது மடிப்பு வலதைவிட ஒரு மில்லிமீட்டர் உயரம்.

நான் எதிர்பாராத ஒன்றும் நடந்தது. தூக்கிப் பிடிக்கும் வேலை தீர்ந்ததும் புருவம் தானாகக் கீழே இறங்கிவிட்டது. அதனால் கண், நான் கற்பனை செய்த அளவுக்கு அகலமாகத் தெரியவில்லை. ஆனால் மூன்றாம் வாரமே நெற்றிவலி நின்றது. இன்றுவரை திரும்பவில்லை.

கண்ணோரச் சுருக்கங்களும் கருவளையமும் அப்படியேதான் இருக்கின்றன. மேலிமை அறுவை அவற்றைத் தொடுவதில்லை. கீழிமையைச் செய்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. இமை கீழே இழுபட்டு வெளிப்பக்கமாகத் திரும்பிவிடும் ஆபத்து அங்கே உண்டு. வறண்ட கண்ணோடு அதைச் செய்ய நான் துணியவில்லை.

சென்ற மாதம் வெளி ஓரத்தில் தோல் மீண்டும் சற்றுத் தளர்ந்திருப்பதைப் பார்த்து அதே மருத்துவரிடம் போனேன். அளவுகோலை வைத்துப் பார்த்தார். "மடிப்பு இன்னும் இமைமயிரைத் தொடவில்லை. இப்போது தேவையில்லை" என்றார். இம்முறை நான் வாதாடவில்லை. புதிய சொட்டு மருந்துக் குப்பியை வாங்கிக்கொண்டு திரும்பினேன்.