ஸ்டீம், டிஸ்கார்ட், வாட்ஸ்அப்: எர்லி ஆக்சஸில் கேம் விற்கும் சேலத்துச் சின்னக் குழுவுக்கு எது?

அஸ்தம்பட்டியிலோ ஃபேர்லேண்ட்ஸிலோ ஓர் அறை எடுத்து இரண்டு மூன்று பேராகக் கேம் செய்கிறவர்களுக்கு முழுதாக முடியும் முன்பே விற்கும் கேமைப் (இதுதான் எர்லி ஆக்சஸ்) பற்றி வாங்கியவர்களிடம் பேச, அரட்டைச் செயலியான டிஸ்கார்டில்தான் முதலில் கை போகும். இலவசம், பதிலும் உடனே வரும். ஆனால் காசு கொடுத்து வாங்கியவர்களில் பெரும்பாலோர் அங்கே வருவதே இல்லை. அதில் எழுதியது கூகுள் தேடலிலும் அகப்படாது. ஓர் இடத்தைத்தான் ஒழுங்காகப் பார்த்துக்கொள்ள முடியும் என்றால், அது கேம் விற்கும் தளமான ஸ்டீமின் அறிவிப்புப் பகுதியாக இருக்கட்டும்.

ஒரு கேமுக்கு ஸ்டீம் வாங்கும் 100 டாலரிலேயே இந்த வசதியும் அடக்கம். அப்டேட் அறிவிப்பைச் சிறியது, வழக்கமானது, பெரியது என மூன்று வகையில் போடலாம். இரண்டு பக் (பிழை) திருத்தத்தைப் 'பெரியது' என்று போட்டால், ஆவலோடு திறந்தவர் ஏமாந்துபோவார். அடுத்த தடவை உண்மையிலேயே பெரிய அப்டேட் வரும்போது அவர் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார். அட்டைப் படம் 800-க்கு 450 பிக்சல், தலைப்புப் படம் 1920-க்கு 622. கேமிலிருந்து எடுத்த நல்ல ஸ்கிரீன்ஷாட்டே போதும்.

வரிசை முக்கியம். புதிய பில்டை (ஆடத் தயாரான பதிப்பை) முதலில் பீட்டா கிளையில் (சோதிப்பவர்களுக்கான தனிப் பிரிவில்) ஏற்றி, சிலரை ஆடவிட்டு, பிறகு பொதுக் கிளைக்கு மாற்றி, அது இறங்குகிறதா என்று பார்த்தபின் அறிவிப்பைப் போட வேண்டும். முந்தைய பதிப்பையும் தனிக் கிளையாக விட்டுவைத்தால், சேவ் (சேமித்துவைத்த ஆட்டம்) கெட்டுப்போனவர் கேமின் ப்ராப்பர்டீஸில் பீட்டாஸ் பகுதிக்குப் போய்த் தானே பழையதற்குத் திரும்பலாம். வெள்ளிக்கிழமை மாலை பில்டை ஏற்றிவிட்டு ஏற்காட்டுக்கு வண்டியேறக் கூடாது. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி முடிப்பதற்குள் கேம் திறக்கவில்லை என்ற புகார்கள் குவிந்திருக்கும், திருத்த ஆள் இருக்காது. மாதாந்திர மின்தடை நாளுக்கு முந்தைய இரவும் அப்படித்தான். ஸ்டீமின் தள்ளுபடி விற்பனைகள் நம் நேரப்படி இரவு 10.30-க்கு, அமெரிக்கக் குளிர்கால நேரத்தில் 11.30-க்குத் தொடங்கும். அந்த வேளையையும் தவிர்த்துவிடுங்கள்.

என்ன எழுதுவது? "பல பிழைகள் சரிசெய்யப்பட்டன" என்பது யாருக்கும் பயன்படாத வரி. "கிணற்றறைக் கதவு திறக்கும்போது சேவ் செய்தால் கேம் மூடிக்கொண்டது, 0.4.2-இல் சரியாகிவிட்டது" என்று எழுதினால், அதில் மாட்டியவர் திரும்பி வருவார். பழைய சேவ் செல்லுமா செல்லாதா என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும். ஃபேக்டோரியோ என்ற கேமைச் செய்த வூப் நிறுவனம் 2013 முதல் வெள்ளிக்கிழமைகளில் எழுதிவந்த குறிப்புகளைப் படித்துப் பாருங்கள். முடித்ததை மட்டுமல்ல, ஒரு வேலை ஏன் இழுக்கிறது என்பதையும் படம் போட்டு விளக்கினார்கள். மாறாக, 2016 ஆகஸ்டில் நோ மேன்ஸ் ஸ்கை என்ற கேம் வெளியான பிறகு அதைச் செய்த ஹலோ கேம்ஸ் நவம்பர் இறுதியின் பெரிய அப்டேட் வரை ஏறக்குறைய வாய் திறக்கவில்லை. ஆட்டக்காரர்களின் கோபம் அந்த மௌனத்தில்தான் இன்னும் வளர்ந்தது.

எர்லி ஆக்சஸ் பக்கத்தில் "எவ்வளவு காலம்" என்ற கேள்விக்கு மாதப் பெயர் எழுதாதீர்கள். ஏறத்தாழ ஓர் ஆண்டு என்பது போல எழுதி, தள்ளிப்போனால் அன்றே மாற்றுங்கள். நீண்ட காலம் அப்டேட் வராத எர்லி ஆக்சஸ் கேம்களின் பக்கத்தில், கடைசி அப்டேட் வந்து எவ்வளவு காலமாகிறது என்று 2025 முதல் ஸ்டீமே எழுதிவைக்கிறது. வாங்க வந்தவர் அதைப் பார்த்ததும் திரும்பிவிடுவார். ஸ்டீமில் எங்கள் பெரிய குறை வேறு: செயலியைத் தமிழில் வைத்துக்கொள்ளவே வழியில்லை.

டிஸ்கார்ட் பக் வாங்குவதற்கு அருமையான இடம். சாதாரண அரட்டைச் சேனலில் வாங்காமல் ஃபோரம் வகைச் சேனல் வைத்தால் ஒவ்வொரு பக்கும் தனி இழையாக நிற்கும்; 'பார்த்தோம்', 'திருத்துகிறோம்', 'முடிந்தது' என்று டேக் போடலாம். பதிப்பு எண், கம்ப்யூட்டர் விவரம், கடைசியாகச் செய்தது, லாக் கோப்பு (நடந்ததைக் கேம் தானே எழுதிவைக்கும் பதிவு), இந்த நான்கையும் கேளுங்கள். யூனிட்டி என்ற கேம் உருவாக்கும் மென்பொருளில் செய்த கேமின் லாக் விண்டோஸில் ஆப்டேட்டா கோப்புறைக்குள் லோக்கல்லோவில் இருக்கும். ஆப்டேட்டா மறைந்திருக்கும் கோப்புறை என்பதால் பலருக்கும் கண்ணில் படாது. செட்டிங்ஸில் 'லாக் கோப்புறையைத் திற' என்று ஒரு பட்டன் வைத்துவிட்டால் பாதி வேலை மிச்சம். முடிவான செய்தி எதுவானாலும் ஸ்டீமிலும் போட்டாக வேண்டும்.

ஸ்டீம் விமர்சனத்துக்குக் குழுவின் பெயரில் ஒரே பதில்தான் போட முடியும். குறை எந்தப் பதிப்பில் தீர்ந்தது என்று மட்டும் எழுதுங்கள். வாதாட வேண்டாம், கட்டைவிரலை (பிடித்தது, பிடிக்கவில்லை என்ற குறியை) மாற்றச் சொல்லிக் கெஞ்சவும் வேண்டாம்.

வாட்ஸ்அப் குழு, தெரிந்த கல்லூரி மாணவர்கள் நாலைந்து பேர் சோதித்துப் பார்க்க மட்டும் சரி. பொதுவில் திறந்தால் எல்லார் தொலைபேசி எண்ணும் எல்லாருக்கும் தெரியும். வாங்கியவர்களை அதில் சேர்க்கவே கூடாது.